துணி மடிக்க இரண்டு நாள்

எங்கள் வீட்டில் ஒரு கூடைத் துணியை மடிக்க இரண்டு நாள் ஆகும். முதல் நாள் சட்டைகளும் மனைவியின் சுடிதார்களும். மறுநாள் துண்டு, போர்வை, மற்றவை. காலுறைகளுக்கு ஜோடி தேடுவதை விட்டுவிட்டேன். ஒரே கறுப்பில் பன்னிரண்டு ஜோடி வாங்கிப் போட்டால் எதை எதோடு வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நோய் வந்த பிறகு நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

அதற்கு முன்பு சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பதினொரு வருடம் மின்பிரிவு மேற்பார்வையாளராக இருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து டிப்ளமோவும் ஒரு பெட்டியுமாக வந்தவன். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ், நடுவில் நாள் முழுக்க இரும்பு ஏணி. ஒருநாள் இடது கால் தரையில் இழுபட்டது. செருப்பில்தான் கோளாறு என்று புதுச் செருப்பு வாங்கினேன். பிறகு ஒரு கண் மங்கியது. அதற்கும் ஒரு புதுக் கண்ணாடி வாங்கினேன். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்றார்கள். நரம்புகளின் மேலுறையை உடம்பே எதிரி என்று நினைத்து அரித்துவிடுகிறதாம். மருத்துவர் தமிழர். "நீங்க கேபிள் ஆளாச்சே, இன்சுலேஷன் போன ஒயர்னு வச்சுக்குங்க," என்றார். இன்சுலேஷன் போன ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு நாங்கள் புதிது இழுப்போம். அதை அவரிடம் சொல்லவில்லை.

வேலை போனது. கோபப்பட அதில் யாரும் இல்லை. ஏணி ஏற முடியாதவனை அவர்களும் எவ்வளவு நாள்தான் மேசையில் உட்கார வைப்பார்கள்? என் மனைவி தஞ்சோங் பகாரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறாள். "நீ ஆபீஸப் பாரு, வீட்ட நான் பாத்துக்கறேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். புக்கிட் பாத்தோக்கில், ஏழாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு. இருநூறு அடி உயரக் கப்பலைப் பார்த்தவனுக்கு இந்த வீடு எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

களைப்பு என்ற சொல்லே எனக்கு இப்போது பிடிப்பதில்லை. அது எல்லோருக்கும் இருக்கிறது, படுத்தால் போய்விடுகிறது. என்னுடையது படுத்தாலும் போகாது. காலையில் கண் விழிக்கும்போதே எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும். தட்டு கழுவிக்கொண்டிருப்பேன், மூன்றாவது தட்டில் கை நின்றுவிடும். வலி இருக்காது, மயக்கமும் இருக்காது. யாரோ சுவிட்சை அணைத்துவிட்டதுபோல் நின்றுவிடும். குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரை காய்ந்த கையோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, எப்போது எழ முடியும் என்று காத்திருப்பேன். சூடு பட்டால் இன்னும் மோசம். அடுப்பருகே பத்து நிமிடம் நின்றால் கண் மங்கிக் கால் துவளும். குளிர்ந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்துதான் சமைப்பேன். இந்த ஊர் வெயிலோ விடுப்பே எடுக்காத வெயில்.

இதில் எதுவும் வெளியே தெரியாது. தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் போனால், "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க," என்பார்கள். சிலர் ஒருபடி மேலே போய், "வீட்லயே இருக்கீங்க, குடுத்து வச்சவரு," என்பார்கள். நான் சிரிப்பேன். நோயைப் பற்றி ஆலயத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சோம்பேறி என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை, 'பாவம்' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சொல்லை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னபிறகு அவர்களிடம் எந்த வேலையையும் ஒப்படைத்ததில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். மனைவி வந்து பார்த்தபோது சட்டி கரியாகியிருந்தது. மறுநாள் காபி குடிக்கும்போது ஆரம்பித்தாள்.

"மெய்டு வச்சுக்கலாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? தீப்பிடிச்சிருந்தா?"

"பிடிக்கலியே."

"ஏஜென்சில கேட்டுட்டேன். நம்மூர்க்காரங்களே கிடைப்பாங்களாம்."

"அவங்க வந்தா நான் என்ன பண்றது?"

"ரெஸ்ட் எடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக எடுத்துக்கொண்டிருப்பது அதைத்தானே. ஆனால் உள்ளே இருந்தது கோபம் இல்லை, பயம். ஜூரோங் வேலை போன பிறகு எனக்கு மிச்சம் இருந்தது இந்த வீட்டு வேலைதான். அதையும் இன்னொருவர் செய்ய வந்துவிட்டால் இந்த வீட்டில் நான் யார்? மருந்து தின்கிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

அக்டோபர் பக்கத்தில் வந்ததால் ஒரு பந்தயம் கட்டினேன்.

எங்கள் வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவுக்கு அன்பியம் என்று பெயர். அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். மாலையில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள், பிறகு சாப்பாடு. சுரூபம் அன்றிரவு அந்த வீட்டிலேயே இருக்கும். மறுநாள் அந்த வீட்டுக்காரரே அதைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார். மாதா வருகிறாள் என்றால் வீட்டைச் சுத்தம் செய்வதற்கு அளவே கிடையாது. மின்விசிறியின் மேல்பக்கத்தைக்கூடத் துடைப்போம், மாதா ஏறிப் பார்க்கப் போவதுபோல.

"நம்ம வீட்டு முறை அன்னிக்கு நீ ஒரு வேலையும் தொடக் கூடாது. நான் ஒருத்தனே பண்றேன். ஒழுங்கா நடந்துட்டா மெய்டு பேச்ச விட்டுரணும்."

"நடக்கலன்னா?"

"உன் இஷ்டம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். அப்படிப் பார்த்தபோதே அவளுக்கு முடிவு தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் முறை வெள்ளிக்கிழமை. பட்டறையில் செய்ததுபோல ஒரு வாரத்துக்கு அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஒரு நாளுக்கு ஒரு வேலை, அதற்கு மேல் இல்லை. சனிக்கிழமை குளியலறையைக் கழுவியது வரை சரியாகப் போனது. திங்கள் கூடத்தைத் துடைக்க ஆரம்பித்துப் பாதியில் உட்கார்ந்தவன் எழவில்லை. தரையில் பாதி பளபளப்பாகவும் பாதி மங்கலாகவும் ஒரு எல்லைக்கோடு விழுந்திருந்தது. அதை மறைக்கப் பாயை இழுத்துப் போட்டேன். செவ்வாய் முழுவதும் படுக்கை. புதன் ஒரு மூட்டைத் துணியை எந்திரத்தில் போட்டேன், எடுத்து உலர்த்த முடியவில்லை. அதற்கு முன் துவைத்துக் காய்ந்தவை மடிக்கப்படாமல் கூடையில் மலையாக இருந்தன. வியாழன் கடலையை ஊறப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினேன். இடது கையில் கத்தி பட்டது, தெரியவில்லை. பலகையில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மனைவி வந்ததும் பிளாஸ்திரியைப் பார்த்தாள். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்று அவளும் எதையும் தொடவில்லை. தொடாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. வீம்பு.

வெள்ளிக்கிழமை காலையில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். மாதாவுக்கு மாலை வாங்க லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போனேன். கீழே கடையிலேயே பூ கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் தேக்கா மல்லிகைதான் போட்டிருக்கிறோம், இந்த வருடம் மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒரு பஸ், ஒரு ரயில். ரயிலில் முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்தேன். எதிரே நின்ற ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டேன், அதுவும் வீம்புதான். லிட்டில் இந்தியாவில் இறங்கிப் பூக்கடைக்கு நடப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பூக்காரர் மாலையைக் கட்டி முடிக்கும்வரை கடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "குடிச்சிருக்கீங்களாண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது.

வீடு திரும்பியபோது நண்பகல். மாலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கூடத்துப் பாயில் சரிந்தேன். எழுந்தபோது மணி நாலரை. கடலை வேகவில்லை, பீஹூன் சேமியா கிளறவில்லை. தொட்டி நிறையப் பாத்திரம். எந்திரத்தில் இரண்டு நாள் ஈரத்துணி நாற ஆரம்பித்திருந்தது. கூடைத் துணி அப்படியே இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அப்போதுதான் பட்டறை மூளை வேலை செய்தது. கப்பலை ஒப்படைக்கும் முன் ஆய்வாளர் வரும் நாளில் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். மிச்சக் கேபிள், உடைந்த தட்டி, முடியாத வேலை எல்லாவற்றையும் அன்றைய பட்டியலில் இல்லாத ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார், பிறகு திறந்து ஆறுதலாக முடிப்போம். எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தது. இங்கே புது அடுக்குமாடி வீடுகள் எல்லாவற்றிலும் பாம் ஷெல்டர் என்று ஓர் அறை உண்டு. சன்னல் கிடையாது, கனத்த இரும்புக் கதவு. போர் வந்தால் ஒளிந்துகொள்ள. போர் வராததால் எல்லோரும் அதில் பழைய சாமான் போட்டு வைக்கிறோம்.

அழுக்குப் பாத்திரங்களைப் பெரிய அண்டாவில் அடுக்கி, அண்டாவைத் தரையில் தள்ளிக்கொண்டே போய் ஷெல்டருக்குள் வைத்தேன். கூடையை அதன்மேல் ஏற்றினேன். ஈரத்துணியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு அதையும் மேலே ஏற்றினேன். துடைப்பம், வாளி, துணி காயப்போடும் சின்னக் கொடி, எல்லாம் உள்ளே. கதவைச் சாத்த முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சுண்டலுக்கும் பீஹூனுக்கும் கீழே காபிக்கடையில் போனில் சொன்னேன், கொண்டுவந்து கொடுத்தார்கள். வந்ததை எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றி வைத்தேன். ஆறரைக்கு வீடு ஒப்படைக்கத் தயாரான கப்பல்போல இருந்தது.

ஏழு மணிக்கு மனைவி வந்தாள். கூடம், அடுக்களை, மேசை என்று பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகம் மலர்ந்தது. "எப்டிங்க?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த வாரம் முழுவதும் செத்துப் பிழைத்தேன். "மெதுவா, மெதுவாப் பண்ணேன்," என்றேன். பொய் சொல்ல வெட்கமாகவே இல்லை.

ஏழரைக்கு மாதா வந்தாள். அன்பியத்தை நடத்துவது ஒன்பதாவது மாடி அக்கா, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், எதற்கும் ஓடி உதவுகிறவர். வழக்கமாக எட்டுப் பேர்தான் வருவார்கள் என்று காலையிலேயே எட்டு ஸ்டூல் எடுத்துப் போட்டிருந்தேன். எங்கள் வழக்கத்தில் ஜெபமாலையின் முதல் பத்து மணிக்கான ஜெபத்தை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். மாலையைப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். குரல் நன்றாகவே வந்தது. மூன்றாவது மணியில் வாசலில் ஆள் அரவம். புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தை அக்கா அழைத்திருந்தார். ஐந்து பேர். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள்.

நிற்பவர்களை அக்காவின் வீட்டுக்காரர் பார்த்தார். பிறகு எழுந்து, ஓசைப்படாமல் ஷெல்டரை நோக்கி நடந்தார்.

எல்லா வீட்டிலும் ஸ்டூல் அங்கேதான் இருக்கும். அதை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மிச்ச ஸ்டூல்களும் அங்கேதான் இருந்தன, அண்டாவுக்குப் பின்னால். அந்த மாலை முழுவதும் அது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. இந்த நோயில் கால் மட்டும் களைத்துப்போவதில்லை.

நான் ஐந்தாவது மணியில் இருந்தேன். ஜெபத்தை நடுவில் நிறுத்தி, "அண்ணே, அதத் திறக்காதீங்க," என்று சொல்ல வாய் வரவில்லை. மாதாவைப் பார்க்க வேண்டிய கண் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது மணி. அவர் பிடியைத் திருகினார். இறுகியிருந்ததால் இரண்டு கையாலும் இழுத்தார். ஏழாவது மணியில் கதவு திறந்தது.

முதலில் ஈரத்துணித் தொட்டி விழுந்தது. அதன்பின் கூடை. அண்டா சாய்ந்து பாத்திரங்கள் கூடம் வரை வந்தன. ஒரு மூடி உருண்டு உருண்டு மாதாவின் மேசைக் காலில் முட்டி நின்றது. இரண்டு நாள் ஈரத்தின் வாடை மல்லிகையைத் தாண்டி வந்தது. நான் சொல்லிக்கொண்டிருந்தது ஏழாவதா எட்டாவதா என்று மறந்துபோய் நிறுத்திவிட்டேன். அக்கா விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். எல்லோரும் இன்னும் கொஞ்சம் உரக்க மறுமொழி சொன்னார்கள். மரியாதைக்காக ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். மனைவி மட்டும் பார்த்தாள், துணியை இல்லை, என்னை.

ஜெபம் முடிந்ததும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, உடம்புக்கு என்ன? சொல்லியிருக்கலாம்லா," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நோயின் பெயர் உட்பட. நான் தடுக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள், பாவம் என்று.

அதன்பிறகு நடந்ததை நான் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தேன். இரண்டு பேர் பாத்திரம் கழுவினார்கள். ஒருவர் ஈரத்துணியை மறுபடி எந்திரத்தில் போட்டார். மற்றவர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து என் கூடையைக் கவிழ்த்தார்கள். என் பனியன்களை, மனைவியின் உள்பாவாடைகளை, எனக்குப் பேர் தெரியாதவர்களெல்லாம் மடித்தார்கள். புதுக் குடும்பத்து அம்மா காலுறைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, நல்ல ஐடியாண்ணே," என்றார். அடுப்பில் டீ கொதிப்பதற்குள் கூடை முடிந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் ஆகும் வேலை. அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை.

போவதற்கு முன் அக்கா எல்லோரையும் மறுபடி எழுந்து நிற்கச் சொல்லி, நோயில் வாடும் இந்த வீட்டுக்காரருக்காக என்று ஒரு ஜெபம் சொன்னார். என் கூடத்தில், என் மாலையைப் போட்டுக்கொண்டு நின்ற மாதாவிடம், என்னைப் பற்றி யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். நானும் ஆமென் என்றேன்.

எல்லோரும் போன பிறகு மனைவி ஸ்டூல்களை அடுக்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸ்டூல மட்டும் முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"ஸ்டூல் இல்லங்க," என்றாள். "போதும்."

மறுநாள் மாலை சுரூபத்தை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோகச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். "நீங்க சிரமப்படாதீங்க தம்பி, நான் எடுத்துக்கறேன்," என்றார். லிஃப்ட் கதவு வரை கூடப் போனேன்.

ஆறு வாரம் கழித்துப் பணிப்பெண் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். படுக்க இடம் வேண்டுமே. எனக்கு இரவில் கால் துடிப்பதால் நான் ஓர் அறை, மனைவி ஓர் அறை என்று ஆகிச் சில காலமாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஷெல்டர்தான். சன்னல் இல்லாத அறையில் ஒரு மனுஷியைப் படுக்க வைப்பது எனக்குக் கூசியது. கதவைத் திறந்தே வைத்து ஒரு மின்விசிறி போடுவது என்று முடிவாயிற்று. மனைவி உள்ளே இருந்ததையெல்லாம் வெளியேற்றினாள். அவர் வரும் முன் அந்த அறையையாவது நான் துடைக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு சுவர் துடைத்தேன். மற்ற மூன்றையும் அவரே வந்து துடைத்துக்கொண்டார்.

முதல் நாள் சமையல், பாத்திரம், தரை எல்லாம் முடித்துவிட்டு அவர் துணிக்கூடையை எடுத்துவந்தார். சோபாவில் இருந்த நான் குனிந்து ஒரு சட்டையை எடுத்தேன்.

"குடுங்க சார்," என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க எதுக்கு."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுக்குகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேற எதாவது வேல இருக்கா சார்?"

மணி மூன்றுகூட ஆகவில்லை. நான் கூடத்தைப் பார்த்தேன், அடுக்களையைப் பார்த்தேன், சன்னலில் காயும் துண்டுகளைப் பார்த்தேன். எல்லாம் முடிந்திருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன்.